தேனீக்களைப் பார்த்த பார்வையற்றவர்

ஒற்றுமைக்கு உதாரணம் தேனீ என்பது பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்ததுதான். ஆனால் அந்தக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மனிதனுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கூட்டில் இருக்கும் பெரிய தேனீயை அரிஸ்டாட்டில் 'அரசன்' என்றார். ஆள்பவன் ஆணாகத்தான் இருப்பான் என்ற நினைப்பு பல நூற்றாண்டுகள் நீடித்தது. அது ராணி என்று 1609-ல் சார்லஸ் பட்லர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் புத்தகமே எழுதினார். அப்போதும் ராணியின் கட்டளைப்படியே எல்லாம் நடப்பதாகத்தான் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் பிரான்சுவா ஹூபர். 1750-ல் ஜெனீவாவில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கி, பிறகு முழுவதும் போய்விட்டது. தந்தை எதிர்த்தும் காத்திருந்து அவரை மணந்தார் மரி லுல்லின். பர்னென்ஸ் என்ற வேலைக்காரர் அவருக்குப் புத்தகம் படித்துக் காட்டுவார். கேள்விகளை யோசிப்பது ஹூபர், கூட்டைத் திறந்து பார்த்துச் சொல்வது பர்னென்ஸ்! இதற்காகவே புத்தகத்தின் பக்கங்களைப் போலத் திறக்கும் ஒரு கூட்டை ஹூபர் வடிவமைத்தார்.

ஒருமுறை ராணி இல்லாத கூடுகளில் முட்டைகள் இருந்தன. சின்ன ராணி எதுவும் ஒளிந்திருக்கிறதா? சந்தேகம் தீர, இரண்டு கூடுகளிலிருந்த அத்தனை தேனீக்களையும் பர்னென்ஸ் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தார். கொட்டு வாங்கிக்கொண்டே 11 நாட்கள்! ராணி இல்லை. வேலைக்காரத் தேனீக்களே முட்டையிட்டிருந்தன.

வாசலில் நின்று சிறகடிக்கும் தேனீக்கள் கூட்டுக்குக் காற்றோட்டம் தருகின்றன என்பதையும் இவர்கள் கண்டார்கள். ராணி இறந்தால் வேலைக்காரத் தேனீக்கள் சாதாரணப் புழு ஒன்றுக்குத் தனி உணவு கொடுத்துப் புது ராணியை உருவாக்கும் என்று ஷிராக் என்பவர் முன்பே சொல்லியிருந்தார். அதையும் சோதித்து உறுதிசெய்தார்கள். ஆக, ராணி கட்டளையிடுபவள் அல்ல, முட்டையிடுபவள். அவளை உருவாக்குவதே மற்றவர்கள்தான்!

1792-ல் வெளிவந்த தன் நூலில், பர்னென்ஸின் பங்கை ஹூபர் மறைக்காமல் எழுதினார். வேலைக்காரர்களின் பெயர் அறிவியல் நூல்களில் இடம்பெறாத காலம் அது.

ஹூபர் 1831-ல் மறைந்தார். தேனீக்களின் கூட்டுறவைப் பற்றி அவர் கண்டறிந்த ஒவ்வொன்றும் இன்னொருவரின் கண்களால் கண்டதுதான்.