மோகன்லால் சுகாடியா: பாலை மண்ணின் பதினேழாண்டு முதல்வர்

தமிழ்நாட்டின் ஆளுநர் பொறுப்பை வகித்தோர் வரிசையில், 1976 ஜூன் முதல் 1977 ஏப்ரல் வரை விளங்கியவர் மோகன்லால் சுகாடியா. பத்துத் திங்கள்களே நீடித்த பதவியாதலால் இந்நாட்டில் அவர் பெயர் பெரிதும் பேசப்படுவதில்லை. ஆனால் ராஜஸ்தான் மாநிலத்தில் அவர் பெயரை அறியாதார் அரியர். சமண குடும்பத்தில் தோன்றிய அவர், 1954 முதல் 1971 வரை ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அம்மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர். அவருக்குப் பின் வந்த எவரும் அவ்வளவு காலம் அப்பதவியில் இருந்ததில்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தம் பணியால் ஒரு மாநிலத்தின் நிலவுடைமை, நீர்வளம், ஊராட்சி ஆகிய மூன்றையும் எவ்வாறு மாற்ற இயலும் என்பதற்கும், அதிகாரத்தைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் எத்தகைய சோதனைகள் நேரும் என்பதற்கும் அவரது வரலாறு சான்றாக நிற்கிறது.

இளமையும் விடுதலைப் போராட்டமும்

சுகாடியா 1916ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஜாலாவாட் பகுதியைச் சார்ந்த ஜால்ராபாடனில் பிறந்தார். நாத்துவாராவிலும் உதயப்பூரிலும் பயின்றபின், பம்பாய் சென்று மின்பொறியியலில் பட்டயம் பெற்றார். ஊர் திரும்பி நாத்துவாராவில் மின்பொருள் கடையொன்றைத் தொடங்கினார். வணிகம் நடைபெற்ற அவ்விடமே நாளடைவில் அரசியல் ஆர்வமுடைய இளைஞர்கள் கூடும் இடமாகவும் ஆயிற்று.

1938இல் அவர் இந்துபாலா அம்மையாரைச் சாதி கடந்து, ஆரிய சமாஜ முறைப்படி மணந்தார். குலக்கட்டுப்பாடு இறுகியிருந்த அந்நாளில் இத்திருமணம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. எனினும் தாம் சரியெனக் கொண்ட முடிவிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

அதே ஆண்டில் மாணிக்கலால் வர்மாவின் முயற்சியால் மேவார் பிரஜா மண்டலம் தோன்றியது. சமஸ்தான மக்களுக்குப் பொறுப்பாட்சி வேண்டும் என்பதே அவ்வமைப்பின் கோரிக்கை. பிரிட்டிஷ் இந்தியாவில் அந்நிய ஆட்சி ஒன்றே எதிர்நின்றது. மேவார் போன்ற சமஸ்தானங்களிலோ அந்நிய மேலாதிக்கம், மன்னராட்சி, ஜாகிர்தார்களின் ஆதிக்கம் என மூன்று சுமைகள் குடிமக்களின் தோளில் இருந்தன. சுகாடியா இவ்வியக்கத்தில் இணைந்து, 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றார்.

சட்டமன்றமும் முதலமைச்சர் பதவியும்

விடுதலைக்குப்பின் 19 சமஸ்தானங்களும் 3 சிற்றாட்சிப் பகுதிகளும் படிப்படியாக ஒன்றிணைந்து ராஜஸ்தான் உருவாயிற்று. 1952இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் 160 இடங்களுள் 82ஐக் காங்கிரஸ் பெற்றது. பெரும்பான்மை மிகக் குறுகியது. மன்னர் குடும்பத்தினரும் ஜாகிர்தார்களும் வலிமைமிக்க எதிரணியாக விளங்கினர். விடுதலைப் போரின் மூத்த தலைவரான ஜெயநாராயண் வியாஸ் தாம் போட்டியிட்ட இரு தொகுதிகளிலும் தோற்றார். பின்னர் இடைத்தேர்தலில் வென்றே அவர் முதலமைச்சரானார்.

காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள் எழுந்த கருத்து வேறுபாடு 1954 நவம்பரில் முற்றியது. தலைமைக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, வியாஸை எதிர்த்து நின்ற சுகாடியா வெற்றி பெற்றார். நவம்பர் 13ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 38. வீறுமிக்க மூத்த தலைவரை அகற்றி இளைஞர் ஒருவர் பதவியேறியதைப் பலர் ஐயத்துடன் நோக்கினர். அவரோ 27 வயதே நிரம்பிய கமலா பேனிவாலைத் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு, அரசியலில் பெண்களுக்கும் இடமுண்டு என்பதை உணர்த்தினார்.

உழுபவர்க்கு நிலம்

ராஜஸ்தானின் விளைநிலத்தில் பெரும்பகுதி ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. உழவர்கள் நிலவரியோடு ‘லாக்-பாக்’ எனப்பட்ட பல்வகைத் தண்டல்களையும் செலுத்தினர். ‘பேகார்’ எனப்பட்ட கூலியில்லா உழைப்பும் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. மேவாரின் பிஜோலியா உழவர்கள் பல பத்தாண்டுகள் போராடியது இக்கொடுமைகளை எதிர்த்தே.

ஜாகிர் ஒழிப்புச் சட்டம் 1952இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் வழக்குகளாலும் பேச்சுவார்த்தைகளாலும் அதன் செயலாக்கம் தாமதப்பட்டது. அதனை நடைமுறைக்குக் கொண்டுவரும் பெரும் பணி சுகாடியா ஆட்சியின்மேல் விழுந்தது. 1955ஆம் ஆண்டின் ராஜஸ்தான் குத்தகைச் சட்டம், உழுபவருக்கு நிலத்தின்மீது நிலையான உரிமையை வழங்கியது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தோர், வருவாய்த்துறைப் பதிவேட்டில் தம் பெயரைக் காணலாயினர்.

ஜாகிர்தார்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அதனை மிகை என்று இடதுசாரிகளும், குறை என்று நிலவுடையோரும் குறைகூறினர். எனினும் பல நூற்றாண்டு வேரோடிய ஓர் அமைப்பு, உள்நாட்டுப் போரின்றிச் சட்டமன்றத்தின் வழியாகவே அகற்றப்பட்டது என்பது எளிய செய்தியன்று. மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்கும் அணுவிரதமாக வகுத்த சமயத்தைச் சார்ந்தோர், இச்சீர்திருத்தத்தின் அறப்பொருளை எளிதில் உணர்வர்.

பாலையில் பாய்ந்த நீர்

ராஜஸ்தானின் மேற்குப் பகுதி தார்ப் பாலைவனம். அங்கே குடிநீருக்காகப் பல கல் நடப்பது பெண்களின் அன்றாட வாழ்வாக இருந்தது. பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து நீரைக் கொணரும் ராஜஸ்தான் கால்வாய்த் திட்டத்திற்கு 1958 மார்ச் 31ஆம் நாள் கோவிந்த வல்லப பந்த் அடிக்கல் நாட்டினார். 1961 அக்டோபரில் அதன் கிளைக்கால்வாயில் முதன்முதலாக நீர் திறந்துவிட்டவர், அந்நாளில் குடியரசுத் துணைத்தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன். 204 கிலோமீட்டர் ஊட்டுக்கால்வாயும் 445 கிலோமீட்டர் முதன்மைக் கால்வாயும் கொண்ட இத்திட்டம் நிறைவுற மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்று அது இந்திரா காந்தி கால்வாய் எனப்படுகிறது. தென்கிழக்கில் சம்பல் ஆற்றின் குறுக்கே எழுந்த கோட்டா அணையும் ராணா பிரதாப் சாகர் அணையும் அவர் ஆட்சிக்காலத்தனவே. 1962இல் உதயப்பூரில் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஊராட்சியின் தொடக்கம்

பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் மூன்றடுக்கு ஊராட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது. அதனை முதன்முதலில் ஏற்றுச் செயற்படுத்திய மாநிலம் ராஜஸ்தான். 1959 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளன்று, நாகௌரில் பிரதமர் நேரு அதனைத் தொடங்கிவைத்தார். மன்னரின் ஆணைக்கும் ஜாகிர்தாரின் சொல்லுக்கும் பணிந்திருந்த சிற்றூர்கள், ஐந்தாண்டு முன்வரை நினைத்தும் பாராத வகையில், தம் பள்ளிக்கும் கிணற்றுக்கும் சாலைக்கும் தாமே தீர்மானம் இயற்றும் நிலை பிறந்தது.

1967: ஒரு கடுஞ்சோதனை

சுகாடியாவின் அரசியலில் வெற்றிகளோடு வினாக்களும் உண்டு. 1957இல் 176 இடங்களுள் 119ஐப் பெற்ற காங்கிரஸ், 1962இல் 88ஐயே பெற்றது. 1967இல் 184 இடங்களுள் 89 மட்டுமே கிட்டின. சுதந்திராக் கட்சி, ஜனசங்கம் முதலியவை ஓரணியாகத் திரண்டு, பெரும்பான்மை தமக்கே என்றன. ஆளுநர் சம்பூர்ணானந்தரோ தனிப்பெருங்கட்சியின் தலைவர் என்னும் முறையில் சுகாடியாவை ஆட்சியமைக்க அழைத்தார்.

இதனால் ஜெய்ப்பூரில் கிளர்ச்சி மூண்டது. மார்ச் 7ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. உயிர்கள் பலியாயின. மார்ச் 13இல் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றம் கலைக்கப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. இடைப்பட்ட நாள்களில் உறுப்பினர் சிலர் அணி மாறினர். ஏப்ரல் 26ஆம் நாள் சுகாடியா மீண்டும் முதலமைச்சரானார்.

தேர்தலில் மக்கள் அளித்த தீர்ப்பு, ஆறு வாரங்களில் கட்சி மாற்றத்தால் வேறுருவம் பெற்றது முறையா என்னும் வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. தனிப்பெருங்கட்சியை அழைப்பதா, தேர்தலுக்குப்பின் அமைந்த கூட்டணியை அழைப்பதா என்பது குறித்து அரசியலமைப்பு நூல்கள் விவாதிக்கும்போதெல்லாம் ராஜஸ்தான் நிகழ்ச்சி எடுத்துக்காட்டாக வருகிறது. ஜெய்ப்பூர்த் தெருவில் மாண்டவர்களின் குருதி, கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட மரபினர் எளிதில் கடந்து செல்லக்கூடியதன்று. ஒருவரது நற்பணிகளைப் போற்றுவோர் இந்நிகழ்ச்சியையும் உடன்வைத்தே எடைபோடுதல் நடுநிலையாகும்.

இறுதி ஆண்டுகள்

1971 ஜூலையில் சுகாடியா பதவி விலகினார். அவருக்குப்பின் பர்கத்துல்லா கான் முதலமைச்சரானார். 1972 முதல் கர்நாடகத்திலும், 1976இல் சில திங்கள் ஆந்திரப் பிரதேசத்திலும், பின் தமிழ்நாட்டிலும் சுகாடியா ஆளுநராகப் பணியாற்றினார். தமிழ்நாட்டுக்கு அவர் வந்தது நெருக்கடிநிலைக் காலம். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. அமைச்சரவை நீக்கப்பட்டதனால், இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றது. தம் மாநிலத்தில் அத்தகைய ஆட்சியைச் சட்டமன்றவாதியாக எதிர்கொண்டவர், மற்றொரு மாநிலத்தில் அதன் பொறுப்பாளராக அமர நேர்ந்தது வரலாற்றின் விந்தையே.

1980இல் உதயப்பூரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர், 1982 பிப்ரவரி 2ஆம் நாள் மறைந்தார்.

எண்ணிக்கையில் சிறிய சமுதாயம் ஒன்றில் பிறந்த ஒருவர், அச்சமுதாயத்தின் வாக்குகளை மட்டும் நம்பிச் சட்டமன்றத்தை அடைய இயலாது. உழவர், வணிகர், பழங்குடியினர் என அனைவரது நம்பிக்கையையும் பெற்றாக வேண்டும். சுகாடியா அதனைப் பெற்றார். பதினேழு ஆண்டுகள் காத்தார். சிலபோது அதற்கு ஊறு விளைவதையும் கண்டார். பொதுவாழ்வில் ஈடுபட விழையும் இளந்தலைமுறையினர் அவர் வரலாற்றை முழுமையாகக் கற்றல் நலம். நிலப்பதிவேட்டில் ஏறிய உழவர் பெயரும், பாலையில் ஓடும் நீரும் அவர் பணிக்குச் சான்று. 1967 மார்ச்சு நிகழ்ச்சி, அதிகாரம் கைக்கொண்டார் அனைவர்க்கும் எச்சரிக்கை.