திரையில் தமிழ் ஏடு - ஒரு சிறு வரலாறு

சென்னை பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. 1943-ல் தொடங்கப்பட்ட இங்கே உ.வே.சாமிநாதையர் தேடிச் சேர்த்த ஓலைச்சுவடிகள் உள்ளன. தமிழ் தெரிந்த ஒருவர் அதில் ஒன்றை எடுத்து உடனே படித்துவிட முடியுமா? முடியாது. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று தெரியாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது.

சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1894-ல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவருடைய பதிப்புகளில் முகவுரை, குறிப்புரை, அகராதி என்று வாசகனுக்கு வழிகாட்டும் பகுதிகள் சேர்ந்தன. நூல் இருப்பது வேறு, அதைப் படிக்க முடிவது வேறு. நூறு ஆண்டுகள் கழித்து இதே கதை கணினித் திரையிலும் நடந்தது!

1990-களின் இறுதியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் பல நேரம் ஆங்கில எழுத்துகளும் புரியாத குறிகளும்தான் தெரியும். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு தேவைப்பட்டதுதான் காரணம். ஸ்விட்சர்லாந்தில் வசித்த முனைவர் கு.கல்யாணசுந்தரம் உருவாக்கிய எழுத்துரு ஒன்றின் பெயர் 'மயிலை'. மயிலாப்பூரின் இன்னொரு பெயர்! 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அவரும் தன்னார்வலர்களும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். எழுத்துரு இல்லாதவர்களும் படிக்கட்டும் என்று பிடிஎஃப் வடிவிலும் கொடுத்தார்கள். அதில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் உருவாயின. ஆனாலும் குழப்பம் ஓயவில்லை. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது.

பிடிஎஃப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதைத் திறக்கத் தனி மென்பொருள் வேண்டும். 2010-ல் குரோம் உலாவி பிடிஎஃப் காட்டியைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. 2011-ல் மொசில்லா, ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட பிடிஎஃப்.ஜேஎஸ் காட்டியை வெளியிட்டது. 2013 பிப்ரவரியில் அது பயர்பாக்ஸில் இடம்பெற்றது. பக்க எண், பெரிதாக்கும் பொத்தான், சிறு பக்கப் படங்கள், தேடல் பெட்டி எல்லாம் ஒரே திரையில் வந்தன.

இந்தத் தேடல் பெட்டிதான் இன்றும் தமிழை ஏமாற்றுகிறது. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-ல் மின்னூலகத்தைத் திறந்து பழைய நூல்களை எல்லோருக்கும் கிடைக்கச் செய்தது. பெரிய தொண்டு இது. ஆனால் ஸ்கேன் செய்த பக்கம் என்பது ஒரு புகைப்படம். எழுத்துணரி கொண்டு அதன் பின்னால் உரையைச் சேர்க்காவிட்டால் எந்தச் சொல்லைத் தேடினாலும் விடை வராது. பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பிலும் இதே கதிதான். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் குறிகள்!

ஆகவே காட்டியைச் சீர்செய்வது என்றால் பொத்தானின் நிறத்தை மாற்றுவது மட்டும் அல்ல. பொருளடக்கத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வர வேண்டும். கைபேசியின் சிறிய திரையிலும் வரி முழுதாகத் தெரிய வேண்டும். தேடிய சொல் கிடைக்க வேண்டும். சாமிநாதையர் புள்ளி வைத்தும் அகராதி சேர்த்தும் செய்த வேலையின் தொடர்ச்சிதான் இது. கறையானிடமிருந்து காப்பாற்றிய நூல், திறக்க முடியாத கோப்பாகக் கிடந்தால் யாருக்கு லாபம்?