திறந்த கதவும் நுழைந்த கால்களும்

புதுச்சேரிப் பொது நூலகம் 1827ஆம் ஆண்டில், ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் நிறுவப்பெற்றது. வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் ஒரு வாய்க்கால் பிரித்து நின்ற காலம் அது. தொடக்கத்தில் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்த நூலகத்தின் கதவு, பின்னரே அனைவர்க்கும் திறந்தது.

எனினும், கதவு திறந்ததனாலேயே மக்கள் உட்புகுந்துவிடுவதில்லை. பிரெஞ்சு நூல்கள் நிறைந்த அடுக்குகளின் முன், தமிழ் மட்டுமே அறிந்தவர் அயலாராகவே நின்றிருப்பர். 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது; 1962 ஆகஸ்டு 16இல் சட்டமுறை இணைப்பும் நிறைவுற்றது. 1966இல் நூலகம் ரோமன் ரோலண்டின் பெயரைப் பெற்றது. அது அவருடைய பிறந்த நூற்றாண்டு. இந்திய மண்ணை மிதிக்காமலே காந்தியடிகள், இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரைப் பற்றி நூலெழுதிய பிரெஞ்சுப் பேரறிஞர் அவர். இரு மொழிகளுக்கும் உறவான பெயரே வாயிலில் அமைந்தது.

பின்னர், நடமாடும் நூலகம் சிற்றூர்களைத் தேடிச் சென்றது. வர இயலாதாரிடம் நூலே செல்லும் வழி இது. வரத் தயங்குவாரை அழைக்கும் வழியே நூலக விழா. நவம்பர் 14 முதல் 20 வரை நாடெங்கும் கொண்டாடப்பெறும் தேசிய நூலக வாரத்தின் கருத்தும் இதுவே. பேச்சுப்போட்டிக்கென வரும் சிறுமி நூலடுக்கைக் காண்கிறாள். கவியரங்கம் கேட்க வந்த தொழிலாளி நாளிதழ் மேசையை அறிகிறார்.

ஆதலின் விழாவின் வெற்றியைக் கைதட்டலால் அளத்தல் பொருந்தாது. கூட்டம் கலைந்தபின் எத்தனை பேர் உறுப்பினராயினர் என்பதே அளவுகோல். இலக்கிய மன்றங்களுக்கும் இக்கணக்கு உரியதே.