தொண்டு என்னும் சொல்லும் கிருஷ்ணம்மாள் அம்மையாரின் நெடுவாழ்வும்

தமிழ்நாட்டு நாளிதழ்கள் 'தன்னார்வலர்' என்று எழுதும் இடத்தில் சிங்கப்பூர்த் தமிழராகிய நாம் 'தொண்டூழியர்' என்று எழுதுகிறோம். இரு சொற்களும் ஒரே பணியாளரைச் சுட்டினும் அவற்றின் பிறப்பு வேறு. தன்னார்வலர் என்பது அண்மைக்காலத்து ஆக்கம். செய்பவரின் விருப்பத்தை முன்னிறுத்துவது. தொண்டூழியர் என்பதனுள் அமைந்த இரு சொற்களோ பழையவை. தொண்டு என்பதன் பழம்பொருள்களுள் ஒன்று அடிமைத்தன்மை. அடியார்கள் தம்மை இறைவனுக்கு ஆட்பட்டவராகக் கருதியதனாலேயே தொண்டர் எனப்பட்டனர். பெரியபுராணத்தின் இயற்பெயர் திருத்தொண்டர் புராணம். ஊழியம் என்பதும் அத்தகையதே. திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர் வழங்கியது.

மறுக்கும் உரிமையற்ற உழைப்பைக் குறித்த இரு சொற்கள் கூடி இன்று மனமுவந்து செய்யும் பணிக்குப் பெயராகியுள்ளன. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு மேம்படுவதை மொழியியலார் உயர்பொருட்பேறு என்பர். மொழியில் இம்மாற்றம் நிகழப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதனை ஒரு மனித வாழ்வின் அளவிலேயே காட்டும் வரலாறு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாருடையது.

அவர் பணிசெய்த கீழத்தஞ்சை நமக்கு அயலான மண் அன்று. மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்பிய குடியேற்ற முகாம்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கியோர் பலருக்குச் சொந்த ஊரில் ஒரு குழி நிலமும் இருந்ததில்லை. காவிரி பாய்ந்த அவ்வயல்கள் மிராசுதாரர், மடங்கள், கோயில்கள் ஆகியோர் கையில் இருந்தன. உழுதும் நட்டும் அறுத்தும் வந்தவர் பண்ணையாள்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களுக்கெனத் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. நம் முன்னோருள் ஒரு சாரார் கடல் கடந்தனர். மறுசாரார் அங்கேயே எஞ்சினர். எஞ்சியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் நம் வரலாற்றின் ஒரு பாதியே ஆகும்.

கிருஷ்ணம்மாள் 1926ஆம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர் ஒன்றில், நிலமற்ற ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். நிறைசூலியாக இருந்த காலத்தும் தாய் வயலில் உழைக்க நேர்ந்ததைக் கண்டு வளர்ந்தவர் அவர். ஊழியம் என்னும் சொல்லின் பழம்பொருளை அவர் அகராதியில் தேட வேண்டியிருக்கவில்லை. பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கிய மருத்துவர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் மதுரையில் பயின்று பட்டம் பெற்றார். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண் ஒருவர் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது.

காந்தியத் தொண்டரான சங்கரலிங்கம் ஜெகந்நாதனை அவர் 1950இல் மணந்தார். ஜெகந்நாதன் செல்வக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரிப் படிப்பைத் துறந்து விடுதலைப் போராட்டத்தில் இறங்கியவர். நாடு விடுதலை பெற்ற பின்னரே மணம் என்று உறுதி பூண்டிருந்த அவ்விருவரின் மணம் சாதி எல்லையைக் கடந்த மணமுமாகும். 1951இல் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் உடையோரிடம் நடந்தே சென்று, நிலமற்றோருக்காக ஒரு பங்கு கேட்பது அதன் முறை. கணவனும் மனைவியும் அவ்வியக்கத்தில் பல்லாண்டுகள் ஊரூராக நடந்தனர்.

1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் நிகழ்ந்தது அவர்கள் வாழ்வின் திசையை மாற்றியது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட தொழிலாளர் சேரியில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். மாண்டோருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. செய்தியாளர் வந்தனர், தலைவர்கள் வந்தனர், கூட்டங்கள் நடந்தன. நிலவுடைமையாளர்களைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. வந்தோர் பலரும் திரும்பிச் சென்றபின், 42 வயதினரான கிருஷ்ணம்மாள் கணவருடன் அப்பகுதிக்கு வந்து தங்கினார். கீழ்வேளூரை அடுத்த கூத்தூர் அவரது இருப்பிடமாயிற்று. வரலாற்றாசிரியர் நோக்கில் கீழ்வெண்மணி ஒரு தேதி. அவருக்கோ அது அடுத்த பல பதிற்றாண்டு வேலையின் தொடக்கம்.

கொடையாகக் கேட்டுப் பெறும் நிலம் போதாது என்பதைப் பட்டறிவு உணர்த்தியது. தரிசையும் வழக்கில் சிக்கிய நிலத்தையும் தானமாக எழுதிக் கொடுத்தோரும் இருந்தனர். ஆகவே வேறொரு வழி தேவைப்பட்டது. 1981இல் 'லாஃப்டி' என்னும் அமைப்பை இருவரும் நிறுவினர். உழுவோருக்கு நிலவிடுதலை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. நிலத்தை விற்க விரும்பும் உடைமையாளரையும் அதனை உழும் ஏழைகளையும் எதிரெதிரே அமரச் செய்து நியாய விலை பேசுதல், வங்கிக்கடன் பெற்றுத் தருதல், விளைச்சலைக் கொண்டு அக்கடனைத் தீர்த்தல் என்பன அதன் படிகள்.

கேட்பதற்கு இது எளிது. தொடக்கத்தில் வங்கிகள் கடன் தர முன்வரவில்லை. பத்திரப்பதிவுக்கான முத்திரைத்தாள் கட்டணமே ஏழைக் குடும்பத்தை மலைக்க வைத்தது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதே அந்நாள்களில் தொண்டின் பெரும்பகுதியாயிற்று. 2007ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் ஏறத்தாழ 13,000 குடும்பங்களின் கைக்கு மாறியிருந்தது. குடும்பத்திற்கு ஒரு ஏக்கர் என்பது கணக்கு. நிலம் பெண்களின் பெயரில் பதிவாயிற்று என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். வயலில் நாற்று நட்ட கையே பத்திரத்தில் கைந்நாட்டு இட்டது.

நிலம் கிடைத்த பின்னும் வேலை முடியவில்லை. வயலில் வேலை இல்லாத மாதங்களில் வருவாய்க்கு வழி வேண்டும். பாய் முடைதல், தையல், தச்சு, கொத்துவேலை முதலிய தொழில்களுக்குப் பயிற்சிகள் அமைந்தன. மழையில் கரையும் மண்குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் கட்டும் பணி தொடர்ந்தது.

1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. கடல்நீர் தேக்கிய குளங்களிலிருந்து உப்பு கசிந்து வயலையும் குடிநீரையும் கெடுத்தது. உழைத்துப் பெற்ற நிலம் உப்பளம் ஆவதைக் கண்டு, எழுபதை நெருங்கிய அம்மையாரும் எண்பதை நெருங்கிய அவர் கணவரும் மறியலில் இறங்கினர். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் அமைந்த இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996 டிசம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தடையைத் தளர்த்திவிட்டது. தொண்டின் வரலாற்றை வெற்றிகளின் பட்டியலாக மட்டும் எழுதுவது மாணவருக்கு நன்மை பயக்காது; பெற்றதை இழப்பதும், இழந்தபின்னும் பணியைத் தொடர்வதும் அதன் பகுதிகளே.

சிறப்புகள் பிற்காலத்தில் வந்தன: 1989இல் பத்மஸ்ரீ, 2008இல் கணவருடன் இணைந்து 'மாற்று நோபல்' எனப்படும் சரியான வாழ்வுரிமை விருது, 2020இல் பத்மபூஷண். ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார். அதன் பின்னரும் அம்மையார் தம் பணியை விடவில்லை.

இனி அவருடைய வயதை இவ்வரலாற்றோடு பொருத்திப் பார்ப்போம். லாஃப்டியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 55. பலர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது அது. நிலமாற்றம் 13,000 ஏக்கரைத் தொட்டபோது 80ஐக் கடந்திருந்தார். நீண்ட ஆயுள் இங்கே தற்செயலான அணிகலன் அன்று. அது இப்பணிக்கு இன்றியமையாத கருவி. நிலவுடைமையாளர் ஒருவரை விலை பேச இசைவிக்க ஓராண்டு ஆகலாம். வங்கியை நம்பவைக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். கடன் தீர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். வந்து கொடுத்துவிட்டுச் செல்பவரால் இது இயலாது. அங்கேயே இருப்பவரால்தான் இயலும்.

தொண்டு, ஊழியம் என்னும் சொற்களின் பழம்பொருளில் ஒரு கூறு இன்றும் காக்கத்தக்கது என்று நாம் கருதுவது இதனால்தான். பண்ணையாள் நினைத்தபோது விலக முடியாதவர். கட்டாயத்தால் வந்த அந்த விலகாமையை அம்மையார் தம் விருப்பத்தால் மேற்கொண்டார். வற்புறுத்தல் நீங்கிற்று, நிலைத்து நிற்றல் எஞ்சிற்று. தன்னார்வலர் என்னும் சொல் தொடங்கும் ஆர்வத்தைச் சொல்கிறது. தொண்டூழியர் என்னும் நம் சொல், ஆர்வம் தணிந்த பின்னும் தொடரும் கடப்பாட்டையும் தன்னுள் வைத்திருக்கிறது.

நம் பள்ளிகளில் மாணவர் தொண்டூழியம் செய்கின்றனர். செய்த மணிகளைக் கணக்கிட்டுக் குறிக்கின்றனர். கணக்கு இருக்கட்டும். ஆசிரியர்கள் அதனோடு ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்கலாம்: சென்ற ஆண்டு சென்ற முதியோர் இல்லத்திற்கு இந்த ஆண்டும் சென்றாயா? அங்குள்ள பாட்டி ஒருவருக்கேனும் உன் பெயர் தெரியுமா? ஆம் என்று சொல்லும் மாணவரிடம் அச்சொல்லின் பொருளை நாம் தனியே விளக்க வேண்டியதில்லை.