தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் 2017-ஆம் ஆண்டு உருவான இசைக்குழு. வடசென்னையின் கானா, ராப், ராக், பறையிசை ஆகியவற்றை இணைத்து, சாதி எதிர்ப்பைப் பேசும் சொந்தப் பாடல்களை மேடையேற்றியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து இதைத் தொடங்கின. மேலை நாடுகளில் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து எழுந்த தெரு பங்க் இசைக்குழுக்களுக்கு நிகராகத் தமிழகத்தில் சுட்டத்தக்க குழு இது. ஆனால் அங்கே வர்க்கம் இருந்த இடத்தில் இங்கே சாதியும் வர்க்கமும் சேர்ந்து நின்றன.

பெயர்

குழுவின் பெயர் அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) சிந்தனையிலிருந்து எடுக்கப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களை இந்துக்களாகப் பதிவு செய்யாமல், சாதிபேதமற்றவர்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அயோத்திதாசர் வலியுறுத்தினார். 1907-இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் இக்கருத்தைப் பரப்பியது. சாதி ஒழிந்த பின் வரவேண்டிய நிலையாக அல்லாமல், தமிழரின் தொல்நிலையாகவே சாதியின்மையை அவர் முன்வைத்தார். நூறாண்டுகள் கழித்து அச்சொல் ஆங்கில வடிவில் ஓர் இசைக்குழுவின் பெயராயிற்று.

பின்னணி: தெரு பங்க்

பிரிட்டனில் 1970-களின் நடுவில் பங்க் இசை தோன்றியது. மூன்று சுருதிகள் தெரிந்தால் போதும், எவரும் குழு அமைக்கலாம் என்பது அதன் அடிப்படை. ஆனால் விரைவிலேயே அது கலைக்கல்லூரி மாணவர்களுக்கும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் உரியதாக மாறிவிட்டது என்ற குறை எழுந்தது. அக்குறையிலிருந்து, நகராட்சிக் குடியிருப்புகளில் வளர்ந்த இளைஞர்களின் தெரு பங்க் பிறந்தது. இதை ‘ஒய்’ என்றும் அழைத்தனர். கிழக்கு லண்டனின் காக்னி ரிஜெக்ட்ஸ் குழுவின் பாடல் ஒன்றிலிருந்து இதழாளர் கேரி புஷெல் எடுத்து வழங்கிய பெயர் அது.

இவற்றுள் ஏஞ்செலிக் அப்ஸ்டார்ட்ஸ் குழு குறிப்பிடத்தக்கது. வடகிழக்கு இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் நகரில் 1977-இல் ஒரே பகுதியைச் சேர்ந்த நண்பர்கள் சேர்ந்து இதை அமைத்தனர். நிலக்கரியும் கப்பல் கட்டுதலும் அப்பகுதியின் தொழில்கள். பாடகர் மென்சி (தாமஸ் மென்ஸ்ஃபோர்த்) நிலக்கரிச் சுரங்கத்தில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர். 1978-இல் வெளியான அவர்களது முதல் இசைத்தட்டு, காவல்துறையின் பிடியில் தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டு 1976-இல் இறந்த லிடில் டவர்ஸ் என்பவரைப் பற்றியது.

தெரு பங்க்கின் கேட்பாளர்களுள் வெள்ளை இனவாதிகளும் ஊடுருவினர். 1981 ஜூலையில், ஆசியக் குடியேறிகள் மிகுந்த சவுத்தால் பகுதியில் ‘ஒய்’ குழுக்களின் நிகழ்ச்சி நடந்தபோது மோதல் மூண்டு, நிகழ்ச்சி நடந்த விடுதி எரிக்கப்பட்டது. மறுபுறம், ‘இனவாதத்துக்கு எதிரான ராக்’ இயக்கம் 1976 முதலே செயல்பட்டது. 1979-இல் பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட இளைஞர்கள் லண்டனில் ஏலியன் கல்ச்சர் என்ற பங்க் குழுவைத் தொடங்கினர். அந்நியப் பண்பாட்டு மக்களால் மூழ்கடிக்கப்படும் அச்சம் பற்றி மார்கரெட் தாட்சர் 1978-இல் சொன்னதற்கான பதிலடியே அப்பெயர். தொழிலாளர் தெருவிலிருந்து வருவது மட்டுமே ஓர் இசையை நியாயத்தின் பக்கம் நிறுத்திவிடாது, அத்தெருவுக்குள் யார் சேர்த்தி, யார் வெளியே என்பதே கேள்வி என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

தமிழகத் தொழிலாளர் பகுதிகள்

அதே கேள்வி சென்னையில் அறுபது ஆண்டுகள் முன்னதாகவே எழுந்தது. 1918 ஏப்ரல் 27-இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அதன் அடித்தளமாக இருந்தனர். 1921-இல் நடந்த வேலைநிறுத்தத்தில் சங்கம் சாதிவழியில் உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிக்கப்பட்டன. கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் பலர் இறந்தனர். ஒரே ஆலையில், ஒரே சங்கில் எழுந்து வேலைக்குப் போனவர்கள் ஒரே தெருவில் வாழவில்லை. கானா வளர்ந்தது இந்தப் புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு பகுதிகளில்தான்.

சுதந்திரத்துக்குப் பின் எழுந்த அரசுத் தொழில்நகர்கள் வேறு வகையானவை. நெய்வேலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1961 ஆகஸ்டில் முதல் சுரங்கத்தில் நிலக்கரிப் படிவம் எட்டப்பட்டது. 1962-இல் சோவியத் ஒத்துழைப்புடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. நகரியம் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வீடுகள் பதவித் தரத்தின்படி ஒதுக்கப்பட்டன. ஊர், சேரி என்ற பிரிவினையை வரைபடத்திலேயே இல்லாமல் செய்த குடியிருப்பு அது. ஆனால் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற வேறொரு கோடு காலப்போக்கில் அழுத்தமாக விழுந்தது. 

தமிழகத்தின் சிறுநகரங்களிலும் தொழில்நகர்களிலும் நண்பர்கள் கூடி அமைக்கும் இசைக்குழு என்பது பெரும்பாலும் மெல்லிசைக் குழுவாகவே இருந்தது. கோயில் திருவிழா, திருமணம், பொங்கல் விழா ஆகியவற்றில் திரைப்பாடல்களைப் பாடுவது அதன் பணி. கீபோர்டு, கிட்டார், தபேலா, டிரம்ஸ் என்று நல்ல தேர்ச்சி கொண்ட கலைஞர்கள் இக்குழுக்களில் உருவாயினர். எனினும் மூலப்பாடலை எவ்வளவு நெருக்கமாக வாசிக்கிறார்கள் என்பதே குழுவின் மதிப்பை முடிவு செய்தது. தங்கள் வாழ்வைத் தாங்களே பாடும் வழக்கம் வேறிடத்தில், குறிப்பாகச் சாவு வீட்டில் இருந்தது.

கானா

கானா வடசென்னை உழைக்கும் மக்களின் பாடல் வடிவம். இறந்தவரின் உடல் கிடத்தப்பட்ட இரவில், அவரது வாழ்வையும் நிலையாமையையும் பாடும் மரண கானா இதன் முதன்மையான வகை. சித்தர் பாடல்களின் சாயலும், துறைமுகத்திலும் ஆலையிலும் பேசப்பட்ட பலமொழிக் கலப்பும் இதில் உண்டு. பாடகர் அப்போதைக்கப்போதே அடி கட்டுவார். உடனிருக்கும் கூட்டாளிகள் மேசையிலோ தகரத்திலோ தாளம் போடுவர். ஒரு பகுதியின் நண்பர் வட்டமே கானாவின் இயல்பான குழு.

இசையமைப்பாளர் தேவா 1990-களில் கானாவைத் திரையிசையில் பரவலாக்கினார். 2006-இல் வெளியான ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடிய பாடல் தமிழகம் முழுவதும் ஒலித்தது. ரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’ (2012) கானா பாலாவைப் பரந்த கேட்பாளரிடம் கொண்டு சென்றது. ஆயினும் திரையில் கானா பெரும்பாலும் குடியும் காதல் தோல்வியும் கேலியுமாகச் சுருங்கியது. பாடுபவரின் சாதியும் குடியிருப்பும் பாட்டின் பின்னால் தெரிந்தாலும் பாட்டுக்குள் வரவில்லை.

உருவாக்கம்

டென்மா அதற்கு முன் கபேர் வாசுகியுடன் இணைந்து குரங்கன் என்ற தமிழ்த் தனியிசைக் குழுவில் செயல்பட்டவர். ரஞ்சித்தும் அவரும் சேர்ந்து 2017-இல் கானாப் பாடகர்களையும் இசைக்கலைஞர்களையும் அழைத்துத் தேர்வு நடத்தினர். 19 பேர் கொண்ட குழு அமைந்தது. கானாப் பாடகர்களான முத்து, பாலச்சந்தர், இசைவாணி, அரக்கோணத்தைச் சேர்ந்த பாடலாசிரியரும் ராப் பாடகருமான அறிவு ஆகியோர் அதில் இருந்தனர். மும்பை தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவைச் சேர்ந்த ராப் கலைஞரும் இணைந்தார். தாராவித் தமிழர்களின் ராப், வடசென்னைக் கானாவைச் சந்தித்தது இவ்வாறுதான்.

கருவிகளின் தேர்வு கருதத்தக்கது. மின்கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றுடன் பறை, தவில், சட்டி, கட்டமோளம் ஆகியவை மேடையில் நின்றன. சட்டியும் கட்டமோளமும் சென்னையில் சாவு ஊர்வலத்துடன் பிணைக்கப்பட்டவை. பறையை வாசிப்பது தலைமுறைகளாக ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட கடமை. அக்கருவிகளைச் சீட்டு வாங்கி உட்காரும் கச்சேரியின் பின்னணி அலங்காரமாக வைக்காமல், பாடலின் தாளத்தையே அவற்றின் மீது அமைத்தனர்.

முதல் நிகழ்ச்சி

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் குழு முதன்முறையாக மேடையேறியது. ஆயிரக்கணக்கானோர் கூடினர். அது மார்கழி மாதம், சபாக்களில் கர்நாடக இசைவிழா நடக்கும் காலம். நகரின் இசைப் பருவம் என்று சொல்லப்படும் நாட்களில் நகரின் இன்னொரு இசை திறந்தவெளியில் ஒலித்தது.

குழுவினர் ஒரே மாதிரியான கோட்டு சூட்டு அணிந்திருந்தனர். கைலியும் கழுத்துக் கைக்குட்டையுமாகத் திரைப்படம் காட்டிவந்த கானாப் பாடகரின் உருவத்துக்கு இது மறுப்பு. அம்பேத்கரின் உடையை நினைவூட்டும் தேர்வும் ஆகும். தெரு பங்க் இளைஞர்கள் தொழிலாளரின் பூட்ஸையும் தோள்வார்களையும் பெருமையுடன் அணிந்தனர். உடையை மறுக்கப்பட்ட வரலாறு கொண்டவர்களோ கோட்டை அணிந்தனர். இரண்டும் எதிர்ப்பின் உடைகளே. எதை மறுத்தார்களோ அதற்கேற்ப உடை மாறியது.

பாடல்கள்

இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி உண்ணும் உரிமை, சாதி ஆணவக் கொலை, மலக்குழி மரணம், வடசென்னை வாழ்க்கை ஆகியவை பாடுபொருள்களாயின. இவை அனைத்தும் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் பேசப்பட்டவையே. கானாவின் கேலி, கூட்டாகத் திருப்பிப் பாடும் அடி, வட்டார வழக்கு ஆகியவை அவற்றைக் கொண்டாட்டமாக மாற்றின. துயரத்தை மட்டும் பாடாமல் மகிழ்ச்சியையும் ஓர் அரசியலாக முன்வைத்தது இக்குழுவின் தனித்தன்மை.

உறுப்பினர்கள்

இசைவாணி குழுவின் ஒரே பெண் உறுப்பினராகத் தொடங்கினார். ராயபுரத்தைச் சேர்ந்த அவர் சிறுவயதிலேயே கீபோர்டு கலைஞரான தந்தையுடன் மேடையேறியவர். ஆண்களுக்கே உரியதாக இருந்த கானாவில் அவரது இடம் கவனம் பெற்றது. 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. பெண்களின் வழிபாட்டு உரிமையை உள்ளிட்டுப் பேசும் ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாடலைக் குழுவின் தொடக்க ஆண்டுகளில் அவர் பாடினார். பல ஆண்டுகளுக்குப் பின், 2024 நவம்பரில் அப்பாடலுக்காக அவர் மீது புகார்களும் இணையத் தாக்குதல்களும் எழுந்தன. நீலம் பண்பாட்டு மையம் அவருக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது.

அறிவு 2019-இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் ‘தெருக்குறள்’ தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் தீயுடன் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகளவில் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அதை எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இடம்பெறாதது கடும் விமர்சனத்துக்குள்ளானது. பின்னர் அவ்விதழ் அறிவின் படத்துடன் மின்னட்டை வெளியிட்டது. பாடல் உலகெங்கும் சென்றபின்னும் எழுதியவரின் முகம் அட்டைக்கு வருவதற்குத் தனியே குரல் எழுப்ப வேண்டியிருந்தது.

வரலாற்று இடம்

நண்பர்கள் தாமே கூடி அமைத்த குழு அல்ல காஸ்ட்லெஸ் கலெக்டிவ். தேர்வு நடத்தி ஒருங்கிணைக்கப்பட்டது. புகழ்பெற்ற திரை இயக்குநர் ஒருவரின் அமைப்பு அதற்குப் பின்புலமாக இருந்தது. தன்னிச்சையாக எழும் தெரு பங்க்கிலிருந்து இது வேறுபடும் இடம் இது. ஆனால் இசைக்கருவி, ஒலிப்பதிவுக்கூடம், மேடை ஆகிய மூன்றும் எட்டாத பகுதியிலிருந்து வருபவர்களுக்கு அமைப்பின் துணையின்றி நிலையான குழு சாத்தியமாகியிருக்குமா என்ற கேள்வியும் உடனெழுகிறது. பிரிட்டனில் தெரு பங்க்குக்கு மதுவிடுதி மேடைகளும் சிறு இசைத்தட்டு நிறுவனங்களும் இருந்தன. கானாவுக்கு இருந்தது சாவு வீட்டு வாசல்.

குழுவின் செயல்பாட்டின் தொடர்ச்சியாக, 2018 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘வானம்’ கலைத்திருவிழாவைத் தொடங்கியது. கானா, பறை, ஒப்பாரி, நாட்டார் கலைகள் ஆகியவற்றுக்கு மார்கழியில் ஒரு மேடை உருவானது. குழுவின் உறுப்பினர்கள் பலர் தனிக் கலைஞர்களாகவும் திரையிசையிலும் அறியப்பட்டனர். மெல்லிசைக் குழுவில் பிறர் பாடலை வாசித்தவர்களும், சாவு வீட்டில் பெயரின்றிப் பாடியவர்களும் தங்கள் பெயருடன், தங்கள் சொல்லுடன் மேடையேற முடியும் என்பதை நடைமுறையில் நிறுவியதே இக்குழுவின் முதன்மையான பங்களிப்பு.