பொம்மை அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பெண்கள்

ஆண் ஒருவர் தபால்தலையும் பழைய நாணயமும் சேர்த்தால் அது ரசனை. வளர்ந்த பெண் தன் சம்பளத்தில் பொம்மை வாங்கி அடுக்கினால் அது சின்னப்பிள்ளைத்தனம். இந்தப் பாகுபாடு இன்று நேற்று வந்ததல்ல.

17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் வசதி படைத்த ஆண்கள் அரும்பொருட்களைச் சேர்த்து அலமாரிகளில் வைத்தார்கள். அவர்கள் அறிவாளிகளாக மதிக்கப்பட்டார்கள். அதே நகரத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணி 1686 முதல் 1710 வரை ஒரு பொம்மை வீட்டை உருவாக்கினார். தேர்ந்த கைவினைஞர்களைக் கொண்டு அறைகலன்களைச் செய்வித்தார்; குட்டிப் பீங்கான் பாத்திரங்களைச் சீனாவிலிருந்து தருவித்தார். குழந்தைகள் விளையாடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல அது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

இன்று 'டிசைனர் டாய்' எனப்படும் கலைப் பொம்மைகளின் கதை ஹாங்காங்கில் தொடங்குகிறது. 1990களின் இறுதியில் ஓவியர் மைக்கேல் லாவ் 'கார்டனர்' என்ற பொம்மை வரிசையைக் காட்சிக்கு வைத்தார். ஸ்கேட்போர்டு, ஹிப்ஹாப் என்று ஆண்களின் தெருக் கலாசாரத்திலிருந்து பிறந்தவை அவை. அப்போது யாரும் அதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லிவிடவில்லை, கலை என்றார்கள்.

2006இல் கென்னி வோங் உதட்டைப் பிதுக்கிய சிறுமியாக 'மோலி'யைப் படைத்தார். 2010இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்ட பாப் மார்ட் நிறுவனம், 2016 முதல் மோலியை உள்ளே இருப்பது எதுவென்று தெரியாத பெட்டிகளில் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், சொந்தச் சம்பாத்தியம் உள்ளவர்கள். 2015இல் காசிங் லுங் வரைந்த லபூபு உலகெங்கும் பரவியதும் கேலியும் கூடவே வந்தது. ஆனால் 2025 ஜூனில் ஆளுயர லபூபு ஒன்று பெய்ஜிங் ஏலத்தில் 10 லட்சம் யுவானுக்கு மேல் விலைபோனபோது, அதே பொம்மை 'முதலீடு' ஆகிவிட்டது. பெரும் பணம் புரளும் இடத்தில் பொம்மைக்கும் மரியாதை கிடைத்துவிடுகிறது.

வாங்கும் பெண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். செய்யும் பெண்ணைப் பற்றி?

1960களிலும் 70களிலும் ஹாங்காங்கைப் பொம்மை உற்பத்தியின் தலைநகராக்கியதில் பெண்களின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆலையில் மட்டுமல்ல, வீட்டுத் தரையில் உட்கார்ந்தும் பிளாஸ்டிக் பூக்களையும் பொம்மை உறுப்புகளையும் கோத்தார்கள். 1980களில் ஆலைகள் மலிவான கூலி தேடி ஷென்சென் பக்கமும் தாய்லாந்துக்கும் நகர்ந்தன. அங்கும் கிராமத்து இளம் பெண்களே வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 1993 மே 10 அன்று பாங்காக் அருகே காடர் பொம்மை ஆலையில் தீப்பிடித்து 188 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று ஷென்சென்னின் ஜிலி பொம்மை ஆலைத் தீயில் 80க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். இரண்டு இடங்களிலும் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன.

பொம்மை சேர்ப்பது தவறு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன் மகிழ்ச்சிக்குத் தானே செலவழிக்கும் உரிமை பெண்ணுக்கு எளிதில் கிடைத்ததல்ல. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமையின் வரலாற்றை எழுதும்போது, பொம்மைக்குக் கண் தீட்டியவளையும் பஞ்சு அடைத்தவளையும் சேர்த்தே எழுத வேண்டும். பெட்டியின் மேல் கலைஞரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கின்றன. அவளுடைய கூலி எவ்வளவு, ஆலைக் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்க, அந்தப் பெட்டியை வாங்குகிற நமக்கு முழு உரிமை உண்டு.