நத்தைக் குருதியில் ஒரு நோயறி கருவி

துறையின் பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று குழுவினர் பணித்தார்கள். துறை வரலாற்றைப் பிறர் எழுதுவர். என் மனத்துக்கு உகந்த லெக்டின்களை நான் எடுத்துக்கொண்டேன்.

தொல்காப்பிய மரபியல் நந்து எனும் நத்தையை ஈரறிவுயிர்களிலும் நண்டை நான்கறிவுயிர்களிலும் வைக்கிறது. நம்மைப்போல் எதிர்ப்பொருள் சுரக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. அதற்கு ஈடாக இறைவன் லெக்டின் என்னும் புரதங்களை அருளியிருக்கிறான். அன்னிய அணுவின் மேலுள்ள சர்க்கரையை இனங்கண்டு பற்றுவது அவற்றின் தொழில். நம் உயிரணுக்களும் சர்க்கரைச் சங்கிலிகளைப் போர்த்தியவையே. அணு புற்றாகும்போது சில சங்கிலிகள் பாதியில் நின்றுபோகும்; சிலவற்றின் நுனியிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை உருமாறும்.

ரோமானிய நத்தையின் முட்டை வெண்கருச் சுரப்பியிலுள்ள லெக்டினை 1969இல் ஹாமர்ஸ்ட்ராமும் கபாட்டும் தூய்மைப்படுத்தினர். பாதியில் நின்ற சங்கிலியின் நுனியிலுள்ள அசிட்டைல் காலக்டோசமைன் என்னும் சர்க்கரையை அது பற்றும். லெதமும் புரூக்ஸும் மார்பகப் புற்றுத் திசுச் சீவல்களில் அதை இட்டுப் பார்த்தார்கள். லெக்டின் பற்றிய அணுக்கள் நுண்ணோக்கியில் பழுப்பாகத் தெரிந்தன. அப்படிப் பழுப்பேறிய கட்டிகளை உடையோருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி என்று 1987இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். கலிபோர்னியக் கடற்கரை நண்டொன்றின் லெக்டின், தோல்நிறமிப் புற்றணுவின் மாறிய சியாலிக் அமிலத்தைக் காட்டிக்கொடுத்ததை ரவீந்திரநாத் குழுவினர் 1988இல் வெளியிட்டனர்.

எல்லாவற்றிலும் என் நெஞ்சுக்கு நெருக்கமானது கொல்கத்தாவின் கதை. 1847இல் பென்சன் என்பவர் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை மொரீஷியசிலிருந்து கொண்டுவந்து அந்நகரத் தோட்டமொன்றில் விட்டார். பயிரைத் தின்னும் பெருந்தொல்லையாக அது பரவியது. அதே நகரில், இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில், சித்ரா மண்டல் குழுவினர் அதன் குருதியிலிருந்து அக்கடினின்-எச் என்ற லெக்டினைப் பிரித்தெடுத்தனர். சியாலிக் அமிலத்தின் ஒன்பதாம் கார்பனில் ஓர் அசிட்டைல் தொகுதி ஒட்டியிருந்தால்தான் அது பற்றும். இரத்தப் புற்றுற்ற குழந்தைகளின் வெள்ளணுக்களில் இந்த வடிவம் பெருகுவதையும், சிகிச்சையில் குறைவதையும், நோய் மீளும்போது மறுபடி ஏறுவதையும் அவர்கள் கண்டனர். அரசு ஆய்வகமொன்றில், நம் மண்ணில் விளைந்த அறிவு இது! கால்பட்டு நசுங்கும் ஒரு பிராணியின் குருதி, பிள்ளைகளின் நோயைக் கண்காணிக்க உதவுகிறதென்றால் அது இறைவன் கருணையே.

இன்று மருத்துவமனைகளில் ஒற்றைவகை எதிர்ப்பொருள்களே கோலோச்சுகின்றன. அதற்காக லெக்டின்களைக் கைவிடலாகாது. மாணவச் செல்வங்களே, பழவேற்காட்டு நண்டையும் மன்னார் வளைகுடாச் சங்கினத்தையும் ஆய்வுக்கு எடுங்கள். திசுச் சீவலில் ரோமானிய நத்தை லெக்டினை இடுமுன் நோயாளியின் குருதி வகையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ வகையினரின் சிவப்பணுக்களையும் அது பற்றும்.